நிற்பதற்குக் கூலி

சூரியன் போய் ஒன்பது நாள்.
இனி ஜனவரிக் கடைசியில்தான் என்று
மீன் ஆலைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்,
விடுப்பில் போன மேலாளரைப் பற்றி எழுதுவது போல.

மூன்று மணிக்கு ரப்பர் காலணியைக் கழற்றி
எலுமிச்சைச் சோப்பில் மூன்று முறை கை கழுவி
அரங்குக்கு நடக்கிறேன்.
அங்கே எனக்கு வேலை
நிற்பது.

நடிகை ரக்னில் வியாழக்கிழமைதான்
ஓஸ்லோவிலிருந்து வருவாள். அதுவரை
தரையில் ஒட்டிய சிவப்பு நாடாச் சிலுவைகளின் மேல்
அவளுடைய சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு
நான்.
பேசக் கூடாது என்றில்லை. பேச ஒன்றுமில்லை.

ஏழாம் வரிசையில் பலகை போட்டு உட்கார்ந்திருக்கிறான் ஐவின்.
முகம் தெரியாது. குரலும்
ஆறிய காப்பி வாசனையும் மட்டும்.
"யூர்கா, அரை அடி இடப்பக்கம்.
மூக்கு நிழல் உதட்டைத் தின்கிறது."
மேலே ஏணியில் ஸ்டெய்னர் ஏதோ திருகுகிறான்.
என் உதடு எனக்குத் திரும்பக் கிடைக்கிறது.

நாற்பத்தொன்றாம் க்யூவில்தான் தகராறு.
சமையலறை மேசையில் ஒருத்தி
சில்லறை எண்ணுகிறாள். எண்ணி முடிப்பதற்குள்
பொழுது விடிந்துவிட வேண்டும்.
ஆறு நிமிடம்.
வெளிச்சம் மாறியதை ஒரே ஒருவர் கவனித்தாலும்
தோற்றவன் நான் என்கிறான் ஐவின்.

மஞ்சள் தாள் போட்டார்கள்.
"விடியல் இல்லை இது, ஆரஞ்சுச் சாறு."
நீலம் போட்டார்கள்.
"இப்போது யாரோ செத்துவிட்டார்கள்."
இரண்டையும் கலந்தார்கள். என் கையைப் பார்த்தேன்:
மூன்று நாள் கிடந்த காட் மீனின் வயிறு.
நான் சிரித்ததை விளக்கு காட்டிக்கொடுத்தது.

"எதற்குச் சிரிப்பு?
சரி, உங்கள் ஊரில் எப்படித்தான் விடியும்?"

இந்த ஊரில் என்னிடம் கேட்பதெல்லாம்
எத்தனை பெட்டி, எந்த ஷிப்ட்.
யோசிக்க நேரம் பிடித்தது.

பனவெஜீஸில் எங்களுக்கு இரண்டாம் மாடி.
எதிரே ஒன்பது மாடி எழுந்து
வானத்தை அடைத்துக்கொண்டு நிற்கும்.
கீழே கார் கொட்டகைகள், தகரக் கூரை.
அதில் விழுந்து, அங்கிருந்து துள்ளித்தான்
எங்கள் வீட்டுக்குள் ஏறிவரும்.
முதலில் அலமாரித் தட்டுகளின் அடிப்பக்கம்.
அப்புறம் மோவாய்.
கண்ணுக்கு வருவதற்குள் பால் பொங்கிவிடும்.

"கீழேயிருந்து" என்றேன்.
"பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கியது மாதிரி."

காப்பிக் கோப்பை வைக்கும் சத்தம்.
பிறகு ஐவின் ஓடுகிற சத்தம்.
கேன்டீனிலிருந்து வெள்ளித்தாள் சுருள் ஒன்றைக் கொண்டுவந்து
கசக்கி, பாதி நீவி, ஒரு பலகையில் ஒட்டி
பொய்ச் சன்னலுக்கு வெளியே தரையில் கிடத்தினான்.
விளக்கை அதன் பக்கம் திருப்பினார்கள்.
விளக்கு என்னைப் பார்க்கவே இல்லை.
ஆனாலும் வந்தது.

வியாழக்கிழமை வந்த ரக்னில்
என்னைவிட ஒரு சாண் உயரம்.
விடியல் அவள் தொண்டையோடு நின்றுவிட்டது.
ஏற்று என்றாள் இயக்குநர் குன்வர்.
ஐவின் வாய் திறக்கவில்லை.
ரக்னில் அண்ணாந்து விளக்குகளைப் பார்த்தாள்,
தரையைப் பார்த்தாள்,
விழுந்த காசைத் தேடுகிறவள் போலக் குனிந்தாள்.
முகம் முழுக்க நனைந்தது.
"இருக்கட்டும்" என்றாள், குனிந்தபடியே.

முதல் காட்சி, சனி இரவு.
கடைசிச் சுவரில் சாய்ந்து நின்றேன். அதற்குக் கூலி இல்லை.
ஒருவரும் வெளிச்சத்தைப் பார்க்கவில்லை.
ஐந்தாம் நிமிடம்
எங்கள் ஆலையில் கத்தி தீட்டும் ஊத் ஆர்னே
சட்டென்று சட்டைக் கையை ஏற்றி
கடிகாரத்தைப் பார்த்தான்,
எழப்போனான்,
மனைவி முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

கணக்காளர் கேட்டார்:
பதினேழு மணி நேரம், என்ன வேலை என்று எழுத?
நின்றேன் என்றேன்.
அப்படியே எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமை. நிழலே விழாத குழல்விளக்குகள்.
எஃகுத் தட்டைத் திருப்பியபோது
மோவாயில் ஏதோ பட்டது.
தொட்டுப் பார்த்தேன்.
மீன் தண்ணீர்.